ஆரூடமும் சாட்சியமும்

உலகத்தின் வருங்காலம் யாதாகும் என்று விஞ்ஞானிகளையும் சுற்றுச்சூழல் இயக்கத் தலைவர்களையும் எதிரே அமர்த்திக் கேட்டு, அவர்கள் கூறும் விடையைப் பொதுமக்களுக்கு வழங்கும் வழக்கம் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் நித்திய கருமமாகிவிட்டது. ஆய்வேடுகளைப் படிக்க அவகாசமோ பயிற்சியோ இல்லாத கோடிக்கணக்கானோர் விஞ்ஞானத்தை அறிவது பெரும்பாலும் இத்தகைய சம்பாஷணைகளின் மூலமே. ஆதலின் இவற்றின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏழாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு பேட்டிகள் இவ்வாராய்ச்சிக்குத் தக்க உரைகல்லாக அமைகின்றன.

முதலாவது, 1963 ஏப்ரல் 3ஆம் தேதி சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய நிகழ்ச்சி. டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகளின் கேட்டை ‘மௌன வசந்தம்’ என்ற நூலில் முந்திய ஆண்டு எடுத்துக்காட்டிய ரேச்சல் கார்சன் அம்மையார், புற்றுநோயால் உடல் நலிந்திருந்த அந்த நிலையிலும், தம் இல்லத்தில் அமர்ந்து, நூலின் பகுதிகளைப் படித்துக் காட்டியும் கேட்டவற்றுக்கு நிதானமாக விடையளித்தும் பேசினார். அவருக்கு மறுப்பாக, அமெரிக்கன் சயனமிட் என்னும் ரசாயனக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் ஒயிட்-ஸ்டீவன்ஸ், ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி தரித்துத் தோன்றி, அம்மையார் சொற்படி நடந்தால் மனிதகுலம் இருண்ட காலத்துக்கே திரும்பிவிடும் என்று எச்சரித்தார். விளம்பரம் தர இசைந்திருந்த ஐந்து கம்பெனிகளில் மூன்று, ஒளிபரப்புக்கு முன்பே விலகிக்கொண்டன.

அந்நிகழ்ச்சியின் உயிர்நிலை என்று நான் கருதுவது அரசாங்க அதிகாரிகளிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே. இந்த மருந்துகள் மண்ணிலும் நீரிலும் எத்தனை காலம் தங்கும், பல்லாண்டுகளில் மனித உடலில் என்ன விளைவிக்கும் என்று வினவப்பட்டபோது, அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர்களாலேயே தெளிவான விடை கூற இயலவில்லை. அரசாங்க அறிக்கைகளுக்குள் மறைந்து கிடந்திருக்கக்கூடிய அறியாமை, லட்சக்கணக்கானோர் முன்னிலையில் பிரத்தியட்சமாயிற்று. மறுநாளே செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் தலைமையில் இது குறித்த விசாரணை அறிவிக்கப்பட்டது. 1972இல் அந்நாட்டில் டி.டி.டி.யின் உபயோகம் பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. பேட்டி என்னும் முறையின் தலையாய பலம் இதுவே: தப்பிக்க வழியின்றி நேருக்கு நேர் கேட்கப்படும் கேள்வி, அறிந்தது எது, அறியாதது எது என்பதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

எனினும், அதே நிகழ்ச்சியில் ஒரு குறையின் வித்தும் இருந்தது. எதிரெதிரே இருவரை நிறுத்திவிட்டால் நடுநிலை கிட்டிவிடும் என்னும் மயக்கத்தினால், பிற்காலத்தில் தட்பவெப்ப நிலை மாற்றம் பற்றிய விவாதங்களில், பல்லாயிரம் ஆய்வாளரின் முடிவுக்கு ஓர் ஆசனமும், அதை மறுக்கும் தனி ஒருவருக்கு இன்னோர் ஆசனமும் சமமாக இடப்பட்டன. 2018இல் பி.பி.சி. நிறுவனமே இவ்விஷயத்தில் தான் அடிக்கடி தவறியதாகத் தன் செய்தியாளர்களுக்கு எழுதித் தெரிவிக்க நேர்ந்தது.

இரண்டாவது பேட்டியின் குறை இதனினும் ஆழமானது. வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பெயர் பெற்ற பால் எர்லிக், 1968இல் வெளியிட்ட ‘ஜனத்தொகை வெடிகுண்டு’ என்ற நூலின் பலத்தால் 1970இல் ‘டுநைட் ஷோ’ என்ற கேளிக்கை நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டுப் பெரும் பிரசித்தி அடைந்தார். எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்பது அவர் வாக்கு. நூல் வெளிவந்த அதே ஆண்டில், அவர் நம்பிக்கை இழந்திருந்த இந்தியா, வரலாறு காணாத கோதுமை விளைச்சலைக் கொண்டாடித் தபால்தலை வெளியிட்டது. அவர் கூறிய அளவிலான பஞ்சமும் வரவில்லை. தாம் எழுதியவற்றுள் பல, நிகழக்கூடிய காட்சிகளின் சித்திரங்களேயன்றி ஆரூடங்கள் அல்ல என்று அவர் பின்னாளில் சமாதானம் கூறினார். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், கேளிக்கை மேடையில் நிபந்தனைகள் உதிர்ந்து தேதி மட்டுமே மிஞ்சும் என்பதை அவர் அறியாதவரல்லர். அந்தத் தேதி பொய்த்ததைத்தான், இன்றளவும், நியாயமான எச்சரிக்கைகளை ஏளனம் செய்வோர் ஆயுதமாக ஏந்துகின்றனர்.

ஆரவாரமின்றிப் பேசினால் எவர் செவிசாய்ப்பார் என்று வினவக்கூடும். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், 1968 ஜனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸில், தாமே முன்னின்று வளர்த்த புதிய விவசாயத்தைப் பற்றி எச்சரித்தது, அவ்வினாவின் வலுவை உணர்த்துகிறது. மண்வளம் பேணாமல் தீவிர சாகுபடி செய்தால், வடிகாலின்றி நீர் பாய்ச்சினால், கண்மூடித்தனமாக மருந்து தெளித்தால், நிலத்தடி நீரை வரைமுறையின்றி இறைத்தால் இன்னது நேரும் என்று காரணத்தையும் காரியத்தையும் இணைத்தே அவர் பேசினார். தேதி குறிக்காத அப்பேச்சுக்குத் தொலைக்காட்சிப் புகழ் கிட்டவில்லை; பஞ்சாபில் தாழ்ந்துகொண்டே போகும் நிலத்தடி நீர்மட்டமோ அதை மெய்ப்பித்துவருகிறது. ஆயினும், கார்சன் அம்மையாரும் உலகம் முடியும் நாளைக் குறிக்காமலே ஒரு தேசத்தைக் கேட்கச் செய்தார் என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே, குற்றம் பேட்டி என்னும் முறையில் இல்லை. விஞ்ஞானியை ஜோசியனாக்கும் கேள்வியில் இருக்கிறது. எதைக் கண்டீர்கள், எவ்வாறு அறிந்தீர்கள், எது நிகழ்ந்தால் உங்கள் முடிவு தவறென்று ஒப்புக்கொள்வீர்கள் என்னும் மூன்றையும் கேளாமல், இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளன என்று மட்டும் கேட்கும் பேட்டியை, எத்தனை பெரிய பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தாலும், வம்புப்பேச்சின் வரிசையில்தான் வைக்க வேண்டும்.