விடுதலை எவருக்கு?

பதிவாளர் அலுவலக வாயில். பத்திர எழுத்தரின் மேசைமீது தாள்கள் படபடக்கின்றன. அண்ணன் அருகே நிற்கிறான். எழுதுகோல் தங்கையின் கையில்.

“என்ன பத்திரம் அண்ணா இது?”

“விடுதலைப் பத்திரம் அம்மா! எல்லா வீட்டிலும் எழுதுவதுதான். இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து!”

விடுதலை! எத்தனை இனிய சொல்! அந்தச் சொல்லை நம்பிக் கையெழுத்திடுகிறாள். பெற்றோரின் நிலத்திலே அவளுக்கிருந்த பங்கு, மை காயுமுன் அண்ணனுடையதாகிறது. விடுதலை பெற்றவர் யார்? அவளா? அவள் பங்கைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து அண்ணனல்லவா விடுதலை பெற்றான்!

காட்சி நாம் தீட்டியது. பத்திரத்தின் பெயர் நாம் தீட்டியதன்று. பதிவு அலுவலகங்களிலே இன்றும் வழங்குவது. விரும்பித் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் தங்கை இருக்கலாம்; அது அவளது உரிமை. அறியாமல் விட்டுக்கொடுப்பதை உரிமை என்பாருண்டோ?

இந்தப் பங்கு எளிதில் கிடைத்ததா? 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோது, வைதிகர் நகைத்தனர். அறுபதாண்டு உருண்டது. 1989-இலே, கலைஞர் ஆட்சியிலே, இந்து வாரிசுரிமைச் சட்டம் தமிழ்நாட்டளவில் திருத்தப்பட்டு, அதுவரை மணமாகாதிருந்த மகளுக்கும் பிறப்பாலேயே மூதாதையர் சொத்தில் பங்கு வந்தது. 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டமும் மகளை மகனோடு ஒரு வரிசையில் நிறுத்தியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்ற தடையையும் உச்சநீதிமன்றம் 2020-இல் நீக்கியது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தின் பயனை, ஒரு சொல்லின் மயக்கம் ஒரு பிற்பகலில் பறிக்கிறது!

எனவேதான், பொதுமக்களுக்கென்று வெளிவரும் சட்டச் சொல் விளக்க ஏடுகளை நாம் ஆவலோடு புரட்டுகிறோம். புரட்டியபின் பெருமூச்சுதான் மிஞ்சுகிறது. ‘விடுதலைப் பத்திரம் என்பது ஒருவர் தம் பாத்தியதையைப் பிறிதொரு பாத்தியஸ்தருக்கு விட்டொழிக்கும் சாசனம்’ என்ற போக்கிலே எழுதுகிறார்கள். இருளுக்கு விளக்கம் கேட்டால் இன்னொரு இருளைக் கொண்டுவந்து வைப்பதா? ‘இதில் கையெழுத்திட்டால் உன் பங்கு உன்னைவிட்டுப் போய்விடும், பிறகு கேட்பது கடினம், பணம் பெற்றாலும் பெறாவிட்டாலும் இதுதான் நிலை’ என்று எழுதினால் இவர்கள் புலமைக்கு என்ன குறை வந்துவிடும்?

கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதுவது நெடுநாள் வழக்கம். மணவறையில் ஓதும் மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கும் பொருள் விளங்காது, இங்கும் விளங்காது. தட்சணை மட்டும் இரண்டிடத்தும் தவறாது! பொருளைத் தேடினால், ‘மகன், பேரன் என வழிவழியாக, முழு உரிமையோடு, கொடையாகத் தரவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் தகுந்ததாக’ என்பதே. மகன் உண்டு, பேரன் உண்டு, மகள் எங்கே? விளங்காத மொழிக்குள்தான் பழைய அநீதி பத்திரமாகப் பதுங்கியிருக்கிறது!

வடமொழியை நீக்கித் தமிழ்ச் சொல்லை அமர்த்தினால் போதும் என்று நம் தோழர்களிலே சிலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கும் ஒரு சொல். ‘விடுதலை’ நல்ல தமிழ்தானே! பிறகு ஏன் ஏமாற்றியது? மாறாக, ‘ஆட்கொணர்வு மனு’ என்னும் ஆக்கத்தைப் பாருங்கள். அடைத்து வைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று சொல்லே முழங்குகிறது. ‘பிடியாணை’, ‘அழைப்பாணை’ இவையும் அவ்வாறே. ஆனால் ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’? கேட்பவர், நீதிபதி ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்றே கருதுவார்! உண்மையில், ஒரு தரப்பு வராத நாளிலே மற்றத் தரப்பை மட்டும் கேட்டு வழங்கிய தீர்ப்பு அது. தக்க காரணம் காட்டி, 30 நாளுக்குள் அதனை நீக்கக் கோரலாம். அழைப்பாணை முறைப்படி சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். நீதிபதியைத் திட்டிக்கொண்டே வீட்டிலிருப்பவனுக்கு அந்த நாட்கள் கழிந்துவிடும். வீடும் போகலாம்!

ஆகவே, விளக்கத்துக்கு நாம் வைக்கும் உரைகல் மூன்று கேள்விகள். இந்தச் சொல்லால் எனக்கு என்ன நேரும்? நான் என்ன செய்யலாம்? எத்தனை நாளுக்குள்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாத விளக்கம், சொல்லடுக்கு, விளக்கமன்று.

“சட்டம் நுட்பமானது, எளிமையாக்கினால் சிதைந்துவிடும்” என்பர் மேதைகள். நுட்பம் தீர்ப்பெழுதுவோருக்கு இருக்கட்டும். கையெழுத்திடுபவருக்குப் பொருள் தெரிய வேண்டாமா? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைப் படியுங்கள். மாவட்டத்தில் வழங்காததும் பதிவு அலுவலருக்குப் புரியாததுமான மொழியில் பத்திரம் வந்தால், மொழிபெயர்ப்பின்றிப் பதிய மறுக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. அலுவலருக்குப் புரிய வேண்டும் என்று கவலைப்பட்ட சட்டம், நிலத்தை இழப்பவளுக்குப் புரிந்ததா என்று அங்கே கேட்கவில்லை!

கேட்ட இடமும் உண்டு. 1962-இல், ஹரிகிசன் வழக்கிலே உச்சநீதிமன்றம் கேட்டது. தடுப்புக்காவலில் அடைக்கப்பட்ட அந்த மனிதருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கோ ஆங்கிலம் தெரியாது. காவல் அதிகாரி வாயால் விளக்கிச் சொன்னாரே என்று வாதிட்டது அரசு. போதாது, அவருக்குப் புரியும் மொழியிலே எழுத்தில் தந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். புரியாத மொழியில் தந்தால் தந்ததாகாது! இந்த நெறி சிறைவாயிலோடு நின்றுவிடலாமா? பதிவாளர் அலுவலக வாயிலுக்கும் வரவேண்டாமா?

காலமோ பின்னோக்கி இழுக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்துக்கு ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்று பெயர். அதன் ஆங்கில வடிவுக்கும் அதே தலைப்பு! பெயரையே சொல்ல முடியாதவன் உள்ளே இருப்பதை எப்படி அறிவான்? ஆனால், சட்டம் தெரியாது என்று அவன் சொன்னால் மட்டும் மன்னிப்புக் கிடையாது.

தோழர்களே! படிப்பகத்தில் ஏடு படிப்பதோடு நம் பணி முடியவில்லை. தெருவிலே ஒரு தங்கை கையெழுத்திடப் புறப்படுகிறாளா? பத்திரத்தை முதல்நாளே வாங்கி, வரிவரியாகப் படித்து, அவள் பேசும் தமிழிலே சொல்லுங்கள். ஐயம் வந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். அதன் பிறகும் பங்கை விட்டுக்கொடுக்க அவள் விரும்பினால், கொடுக்கட்டும், அது அன்பு. அறியாமல் கொடுத்தால் அது பறிப்பு.

அந்தப் பத்திரத்தின் பெயரையும் மாற்றச் சொல்லிக் கேட்போம். ‘உரிமை விட்டுக்கொடுக்கும் பத்திரம்’ என்று அதன் தலையிலே எழுதட்டும்! படித்துப் பார்த்தபின் எத்தனை தங்கைகளின் எழுதுகோல் தயங்குகிறது என்று காண்போம்.