நளாயினியின் கூடையும் ராக்கம்மாவின் வாயும்

தொழுநோயாளிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்துபோன நளாயினியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா உருகி உருகிச் சொல்வார். எங்க அம்மாவுக்குக் கூடை கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோதான். அம்பத்தூரில் ஒயின்ஷாப் வாசலில் கிடக்கும் அப்பாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஏற்றுவோம். காலையில் கம்பெனிக்குப் போன் போட்டு, 'அப்பாவுக்குக் காய்ச்சல் சார்' என்று சொல்வது என் வேலை. 2003 நவம்பரில் அரசாங்கமே டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

இதற்கு 'கோடிபென்டன்சி' என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. இணைச்சார்பு என்று சொல்லலாம். 1970களின் கடைசியில் அமெரிக்கக் குடிநோய் சிகிச்சை மையங்களில் புழங்கத் தொடங்கிய சொல். 1986இல் மெலடி பீட்டி எழுதிய புத்தகம் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. அவன் குடியைச் சார்ந்திருக்கிறான், அவள் அவனைச் சார்ந்திருக்கிறாள். கடனை அடைக்கிறாள், பொய் சொல்கிறாள், வாந்தியைக் கழுவுகிறாள். அதனால் குடியின் வலி அவனுக்கு உறைக்காமலே போகிறது. ஆகவே அன்போடு விலகி நில் என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமலில்லை. என் போனால் அப்பாவின் வேலை பிழைத்தது. அவர் குடியும் பிழைத்தது.

ஆனால் எங்கே விலகி நிற்பது? பத்துக்குப் பத்து வாடகை அறையில் விலகினால் சுவர்தான் இடிக்கும். பெண்ணுக்குக் காலங்காலமாகக் கற்றுக்கொடுத்ததை அவள் செய்தால் அதையே நோய் என்கிறீர்களே என்று மேலைநாட்டுப் பெண்ணியவாதிகளே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று நமக்கு உண்டு. நாங்கள் ஏன் மறைத்தோம்?

பாமாவின் 'சங்கதி'யை (1994) இந்தக் கேள்வியோடு மறுவாசிப்புச் செய்ய வேண்டும். புருஷனிடம் அடிபட்ட ராக்கம்மா தெருவில் நின்று ஊரே கேட்க ஏசுகிறாள், சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். கதைசொல்லிக்கு முதலில் அருவருப்பு. அப்படிச் செய்யாவிட்டால் அவன் மண்டையை உடைத்திருப்பான் என்பது பிறகுதான் புரிகிறது. ராக்கம்மா எதையும் மூடி மறைக்கவில்லை. வீட்டுச் சங்கதியைத் தெருச் சங்கதி ஆக்குகிறாள். இணைச்சார்பு உயிர்வாழ்வதே மூடிமறைப்பில்தான் என்றால், அவளிடம் அந்த நோய் ஒட்ட வழியில்லை.

சேரியில் இருந்தவரை எங்க அம்மாவும் அப்படித்தான் வாய் விடும். நாங்கள் சாதிக்காரர்கள் நடுவில் வாடகைக்குக் குடிவந்த பிறகுதான் வாய் மூடிக்கொண்டது. சத்தம் கேட்டால் 'இவங்க ஆளுங்களே இப்படித்தான்' என்பான் வீட்டுக்காரன். காலி பண்ணச் சொல்வான். பக்கத்து வீட்டு முதலியார் குடித்தால் அது அவர் குடி. எங்கப்பா குடித்தால் அது சாதியின் குடி. என் காய்ச்சல் பொய்யை எந்த மனோதத்துவப் புத்தகத்தாலும் முழுசாக விளக்க முடியாது. நம் கதைகளும் இதைத் தொடுவதில்லை. குடிகார அப்பனைப் பரிதாபத்துக்குரியவனாகவும் அம்மாவைத் தெய்வமாகவும் எழுதி, நளாயினிக்குச் சேரியில் கோயில் கட்டுகிறோம்.

குடியைச் சார்ந்து வாழ்வது வீட்டுக்காரி மட்டுமா? 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அன்போடு விலகி நிற்கச் சொல்லி அரசாங்கத்துக்கு யாரும் புத்தகம் எழுதவில்லை.

குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. சென்னையில் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிக்குப் புருஷனைப் பறிகொடுத்தவர். அந்த வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் வெகுதூரம். ஆனால் குடிநோயில் மனைவியும் ஒரு கட்சிக்காரி என்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஏனென்றால் அப்பா நிறுத்திய பிறகுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம் வந்தது. தினமும் சாயங்காலம் வாசலிலேயே அம்மா அவர் வாயை முகர்ந்து பார்க்கும். அவர் சிரித்தால் சந்தேகம், பேசாமலிருந்தால் அதைவிடச் சந்தேகம். ஏழாவது மாசம், 'என் சம்பளம், என் ஏடிஎம் கார்டைக் குடு' என்றார். குடித்த காலத்தில்கூட அப்படியொரு சண்டை நடந்ததில்லை. அன்றைக்கு அம்மா தெருவில் இறங்கிக் கத்தியது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். அப்பா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

கார்டு இன்னும் அரிசி டிரம்மில்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியும்.