பொடி தீர்ந்த பிறகு

ஹைதராபாத்காரர்கள் சிடிசி என்று சொல்லும் செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டருக்குப் போகிறவர்கள் கண்ணில் லேப்டாப்தான் படும். அந்த மாதிரிக் கடைத்தெருக்களில் கார்ட்ரிட்ஜ் நிரப்பும் வேலையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்கத் தகுந்த வேலை. ஹெச்பி 12ஏ டோனரை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டுப் பின்னைத் தட்டி இரண்டாகப் பிரித்து, வெளிச்சம் ஆகாத டிரம்மைத் துணியில் சுற்றி வைத்து, தேங்கிய கழிவுப் பொடியைக் கொட்டி, பிளேடைத் துடைத்த பிறகே புதுப்பொடி உள்ளே போகும். அவசரமாகச் சாய்த்தால் புகையாக எழும்பும் அந்தப் பொடி, பதமாகச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடும். மூடியதும் பல்சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கரகரப்பில்லாமல் சுழன்றால் வேலை சரி.

நிரப்பியது ஒழுகும், தாளில் கறுப்புக்கோடு விழும் என்பார்கள். விழுவதுண்டு. பெரும்பாலும் கழிவைக் கொட்டாமல் மேலே நிரப்பிய அவசரம்தான் காரணம். டிரம் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். சுமார் 2,000 பக்கத்தில் தீர்வது பொடிதான். உருளையும் சக்கரமும் கூடும் அப்படியே உழைக்கும் நிலையில் இருக்கின்றன. இங்க்ஜெட்டிலும் அப்படியே: ஸ்பாஞ்சுக்குள் ஊசியை இறக்கி, காற்றுக்குமிழி சேராமல் சொட்டுச் சொட்டாக மை ஏற்றும் பொறுமைக்குத்தான் காசு. நெடுங்காலம் நிறம் மங்காத புகைப்படம் வேண்டுமென்றால் கம்பெனி மையே நல்லது. ஹால் டிக்கெட்டுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அது எதற்கு?