சிவப்புப் பெட்டியும் தந்தியின் கார்வையும்

எலெக்ட்ரிக் கிதாரில் மீட்டிய கணத்தில் எழும் சப்தம் எத்தனை வேகமாக உச்சத்தைத் தொடுகிறதோ அத்தனை வேகமாகவே தளரத் தொடங்குகிறது என்பதும், வயலினுக்கு வில்லாலும் புல்லாங்குழலுக்கு மூச்சாலும் கிடைக்கும் இடைவிடாத போஷணை அதற்கு இல்லை என்பதும், அவ்வாத்தியத்தைச் சில காலம் பயின்றவர் யாவரும் அறிந்த விஷயங்கள். இக்குறையைப் போக்கிக் கார்வையை நீட்டித் தரும் சாதனமே கம்ப்ரஸர் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் என்னும் பெடலை எட்டு மாதங்களாக அநேகமாகத் தினந்தோறும் காலடியில் வைத்து வாசித்த பிறகு, அது பாதி விளக்கந்தான் என்று எனக்குப் படுகிறது. ஸ்வரம் பிறக்கும் அந்த முதல் கணத்தை வேறோர் உருவத்தில் வார்த்துத் தருவதிலேயே இதன் விசேஷம் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கீத் பார், டெர்ரி ஷெர்வுட் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் 1970-களில் வெளியிட்ட பெடல் இது. 1987-இல் எம்எக்ஸ்ஆர் என்ற பெயர் ஜிம் டன்லப் நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்பும் இதன் உருவம் பெரிதாக மாறவில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு உலோகப் பெட்டி. அவுட்புட், சென்ஸிட்டிவிட்டி என்று இரண்டே குமிழ்கள். காலால் மிதிக்க ஒரு சுவிட்சு. ஆதி வடிவத்தின் இருதயஸ்தானத்தில் இருந்தது ஆர்சிஏ நிறுவனத்தின் சிஏ3080 என்னும் சில்லு. தனக்குள் செலுத்தப்படும் மின்னோட்டம் கூடினால் அதிகமாகவும் குறைந்தால் குறைவாகவும் சிக்னலைப் பெருக்குவது அதன் ஸ்வபாவம்; வருகிற ஓசையின் பலத்தை அளந்து, பலத்தபோது அம்மின்னோட்டத்தைக் குறைத்தும் மெலிந்தபோது கூட்டியும் கொடுக்கிறது சுற்றின் இன்னொரு பகுதி. அளந்து அடக்குவதற்குச் சிறிது அவகாசம் வேண்டுமல்லவா? அந்த நொடிப்பொழுதில் பிக் தந்தியை விட்டு விலகும் கூர்மையான முனை மட்டும் தடையின்றி வெளியேறிவிட, அதன் பின்னால் வரும் உடல்பகுதி அமுக்கப்பட்டுச் சமதளமாக நீள்கிறது. நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி கிதார் வாசிப்பில் காதுக்கு இனிமையாகத் தெறிக்கும் ‘டக்’ என்ற ஓசைக்கு இந்தத் தாமதம் பெருந்துணை. நுட்பமான ஸ்டூடியோ கருவியோடு ஒப்பிட்டால் இதைக் குறையென்று சொல்லலாம். என் காதுக்கு இதுவே இப்பெடலின் அழகு.

டெலிகாஸ்டர் கிதாரை இதில் இணைத்து, ஆம்ப்பைச் சுத்தமான தொனியில் நிறுத்தி, சென்ஸிட்டிவிட்டிக் குமிழைக் கடிகாரத்தின் 9 மணி திசையில் வைத்தால், மாற்றம் உடனே காதில் விழுவதில்லை. ஆனால் விரல்களால் ஒரு கார்டைத் தந்தி தந்தியாகப் பிரித்து வாசிக்கும்போது, கட்டைவிரலின் அழுத்தமான மீட்டும் மோதிரவிரலின் மெலிந்த மீட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதைக் காண்கிறோம். 12 மணிக்குக் கொண்டுவந்து, இரண்டாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இழுத்து உயர்த்தி விரலை மெல்ல அசைத்தால், வழக்கமாக அசைவு முடியுமுன் அடங்கிவிடும் நாதம் இப்போது அது முடிந்தபின்னும் நின்று ஒலிக்கிறது. அதற்கு மேலும் திருப்பினால் ஒவ்வொரு மீட்டுக்கும் பிறகு ஓசை உள்ளே அமுங்கி மீண்டும் பொங்குவது வெளிப்படையாகக் கேட்கும். சில பாட்டுகளுக்கு அது பொருந்தும், நெடுநேரம் கேட்டால் அலுக்கும்.

தந்தி ஓயும்போது பெருக்கம் ஏறுவதால், வாசிப்பின் இடைவெளிகளில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறும். இந்த முறையில் இயங்கும் கம்ப்ரஸர்களுக்கு இது உடன்பிறந்த குணம். இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று: கிதாரின் வால்யூமை 10-இலிருந்து 7-க்கு இறக்கினாலும் பெடல் அதை மீண்டும் மேலே தூக்கிவிடுகிறபடியால், விரலழுத்தத்தாலும் வால்யூம் குமிழாலும் ஓவர்டிரைவைத் தெளிவாக்கியும் கலங்கவைத்தும் வாசிக்கும் பழக்கமுள்ளவர்கள், கம்ப்ரஸரை அதற்கு முன்னால் வைத்தால் அந்தச் சுதந்திரத்தின் பெரும்பகுதியை இழப்பார்கள். உரத்து முறையிடவும் தணிந்து பேசவும் தெரிந்த கைக்கு இது சிறு நஷ்டமல்ல. ஆகையால் ப்ளூஸ் வாசிக்கும் வேளைகளில் இதை நான் மிதிப்பதே இல்லை.

9 வோல்ட் பாட்டரியை மாற்ற அடித்தகட்டின் நான்கு திருகுகளையும் கழற்ற வேண்டும். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்காமல் விட்டால், பெடல் அணைந்திருந்தாலும் பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். இவ்விரண்டையும் அனுபவித்தபின் அடாப்டருக்கு மாறிக்கொண்டேன். ஓசை அமுங்கும் வேகத்தையும் தொனியையும் தாமே நிர்ணயிக்க விரும்புவோருக்கு நான்கு குமிழ்கள் கொண்ட பாஸ் நிறுவனத்தின் சிஎஸ்-3 கம்ப்ரஸர் அதிக சௌகரியம் தரும். சுத்தமான தொனியில் சிங்கிள்-காயில் கிதார் வாசிப்பவர் டைனா காம்ப்பைத் தயங்காமல் வாங்கலாம். முதலில் பெடலை அணைத்தும் மிதித்தும் பார்த்து, இரு நிலையிலும் ஓசையின் அளவு ஒன்றாகும்வரை அவுட்புட்டைத் திருத்திக்கொண்டு, அதற்குப் பிறகே சென்ஸிட்டிவிட்டியைத் தொடட்டும். என்னுடையதில் அது 10 மணியைத் தாண்டுவது அபூர்வம்.