இரட்சணிய யாத்திரிகத்தில் நம்பிக்கையும் கீழ்ப்படிதலும்

பிறையை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னாள் ஆலயத்திற்கு ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாளையொட்டித் திருப்பயணிகள் திரளாக வருகின்றனர். மெழுகுவர்த்தி ஏந்தி நடந்து செல்வோருள் தமிழர் பலர். நடத்தலையே வழிபாடாகக் கொள்ளும் இம்மரபு ஒரு வினாவை எழுப்புகிறது. பயணியை நடத்திச் செல்வது நம்பிக்கையா, கட்டளையா? சமயப் பிரிவாலும் காலத்தாலும் வேறுபட்டதெனினும், இவ்வினாவைக் காப்பியப் பொருளாக்கிய தமிழ் நூல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஆகும். அந்நூல் கூறும் முழுமனக் கீழ்ப்படிதல் எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் 1827இல் பிறந்து கம்பனில் தோய்ந்த கிருஷ்ணபிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் முதல்நூலாகக் கொண்டது, மோட்சப் பிரயாணம் என்னும் பெயரில் தமிழ் வாசகர் அறிந்த ஜான் பன்யனின் உரைநடை உருவகக் கதை. அதன் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. தமிழ்க் காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக அமைந்தது. இதனை மொழிபெயர்ப்பு என்றே கருதி ஒதுக்குவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்குக் குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலமே சான்று. பன்யன் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளைக் கவிஞர் காப்பியத்தின் நடுவே கொணர்ந்து வைக்கிறார்.

இச்சேர்க்கையால் கதையின் பொருளே மாறுகிறது எனலாம். பன்யனின் பயணி அழிவுக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடுகிறான். முதுகுச் சுமையே அவனைத் துரத்துகிறது. கிருஷ்ணபிள்ளையின் பயணிக்கோ முன்னே நடந்தவர் ஒருவர் இருக்கிறார். கீழ்ப்படி என்று சொல்பவரே கீழ்ப்படிந்தவராகவும் விளங்குகிறார். தந்தை சொல்லை ஏற்றுக் காடேகிய கம்பனின் இராமனை அறிந்த தமிழ்ச் செவிக்கு, தந்தையின் சித்தத்தை ஏற்ற மகனின் கதை அயலானதாகத் தோன்றாது.

ஆயினும் வேறுபாடு ஒன்று நோக்கத்தக்கது. கம்பனின் இராமன் முகம் வாடாது ஏற்கிறான். நற்செய்தி நூல்கள் காட்டும் இயேசுவோ, கெத்சமனேயில் துன்பக் கிண்ணம் நீங்கும்படி வேண்டிய பின்னரே இசைகிறார். ஆகவே முழுமனம் என்பது கலங்காத மனம் அன்று. கலங்கியும் வழி மாறாத மனம். பன்யனின் பயணியோ வழி கரடாயிருந்தமையால் மெத்தென்ற புல்வெளியில் இறங்கி, அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான். அவனை விடுவிப்பது முதலிலிருந்தே மடியில் இருந்த வாக்குறுதி என்னும் திறவுகோல். கீழ்ப்படிதல் தவறியவிடத்து நம்பிக்கை நலிவதையும், நம்பிக்கை மீண்டவிடத்துக் கால்கள் வழிக்குத் திரும்புவதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மலேசியத் தமிழர்க்கு இங்கு ஒரு தடையுண்டு. கங்காணிக்கும் துரைக்கும் அடங்கி நடந்த தோட்டப்புறத் தலைமுறைகளின் வழிவந்தோர் செவியில் ‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல் இனிமையாக விழுவதில்லை. பாடுகளின் பகுதியில், கயிற்றால் பிணிப்புண்ட இயேசு எதிர்ப்பின்றி நிற்கிறார். இப்பகுதி தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. இதனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் கற்பித்தால், அடங்கிப் போதலே அறம் என்று மாணவர் கொள்ளக்கூடும். கவிஞர் கூறுவது அதுவன்று. அவரைக் கட்டியது கயிறு அன்று, தம்மைப் பகைத்தவர்பாலும் அவர் கொண்ட நேசமே என்கிறார். அறுக்க வல்லவர் அறுக்காது நிற்பதும், அறுக்க இயலாதவர் அடங்கிக் கிடப்பதும் ஒன்றாகா.

ஆசிரியர் இருவரின் வாழ்வும் இதனை வலியுறுத்தும். தடையை மீறிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையிலிருந்தவர் பன்யன். பிறந்த குடியின் சமயத்தைத் துறந்தவர் கிருஷ்ணபிள்ளை. இறைவனுக்குக் கீழ்ப்படிதல் இவர்களை மனிதர்முன் கீழ்ப்படியாதவர் ஆக்கியது.

குறையும் ஒன்று உண்டு. காப்பிய மரபுக்குரிய வருணனைப் பெருக்கம் பயணியின் தயக்கத்தைச் சிலவிடங்களில் மூடிவிடுகிறது. பன்யனின் எளிய உரைநடையில் கேட்கும் நடுக்கம் இங்கு அணிநலத்தில் மங்குகிறது. அக்குறையை நிறைவு செய்வன, காப்பியத்தினிடையே அமைந்த தேவாரங்கள். வருணனை ஓய்ந்து, மனம் தன் இறைவனோடு நேரே பேசும் இடங்கள் அவை. வகுப்பில் இந்நூலைக் கற்பிப்போர் பாடுகளின் படலத்தையும் இத்தேவாரங்களையும் இணைத்துக் கற்பித்தல் நன்று. ஒன்று கீழ்ப்படிதலின் விலையைக் கூறும். மற்றொன்று அவ்விலையைக் கொடுக்கத் துணிந்த நம்பிக்கையின் குரலைக் கேட்பிக்கும்.