விதியைக் கடைசியில் எழுதும் கலை

வெண்பலகையில் நான்கு சொற்கள்: தென்னங்கன்று, தென்னஞ்சோலை, தென்னந்தோப்பு, தென்னம்பாளை. தலைப்பு இல்லை, விதி இல்லை. "இவற்றில் எது மாறுகிறது, எது மாறவில்லை?" என்ற கேள்வி மட்டும். படிவம் 1 மாணவர்களுக்கான புணர்ச்சிப் பாடத்தை இதைவிட அழகாகத் தொடங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர்ப் பாடமும்கூட. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கம், தென்னமரம் என்றே ஒரு தோட்டம் உண்டு. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917-இல். நட்டவர் ஆன்ரி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர். பால்மரக் காடுகள் போய்ச் செம்பனை நிறைந்த பிறகும், தமிழ் வாயில் புழங்கிய அந்தப் பெயர் அப்படியே நிற்கிறது.

பாடத்துக்கு வருவோம். முதலில் ஒரு பிள்ளை 'தென்னை'யின் ஐ காணாமல் போனதைப் பிடிப்பான். அடுத்தவள் நடுவில் மெல்லினம் வந்திருப்பதைச் சொல்வாள். ககரத்துக்கு முன் ங், சகரத்துக்கு முன் ஞ் ஏன் என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் தாங்கத் தெரிந்தவரே கலைஞர். பதில் அவர் நாக்கு நுனியில் இருக்கும், சொல்லமாட்டார். "மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே தொடுகிறது?" என்பார். முப்பது வாய்கள் முணுமுணுக்கும். ங்-உம் க-வும் ஒரே இடத்தில் பிறப்பதை ஒரு பிள்ளை தன் வாய்க்குள்ளேயே கண்டுபிடிக்கும்போது 'இன எழுத்து' என்ற சொல்லைக் கொடுக்கலாம். இனி அது மறக்காது. அந்த நான்கு சொற்களின் தேர்வையும் கவனியுங்கள். க, ச, த, ப நான்கும் வந்துவிட்டன. ஒரு சொல்கூட வீணில்லை.

இனிமேல்தான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "சார், வாழைத்தோப்புன்னுதானே சொல்றோம்? வாழந்தோப்புன்னு சொல்றதில்லையே!" என்பான். 'அது விதிவிலக்கு' என்று வாயை அடைத்துவிட்டால் பாடம் அங்கேயே முடிந்தது. நல்ல ஆசிரியர் பலகையில் இரண்டாவது பத்தி ஒன்றைத் திறப்பார். பனங்காய், பனம்பழம் முதல் பத்திக்குப் போகும். வாழைக்கன்று இரண்டாவதில். சன்னலுக்கு வெளியே நிற்கிற மரம்? பனங்கன்று என்கிறோம், ஆனால் செம்பனைக் கன்று, செம்பனைத் தோட்டம் என்றே எழுதுகிறோம். பனைக்கு ஒரு வழி, செம்பனைக்கு வேறு வழி!

இந்த இடத்தில் பழைய நூலைத் திறக்க வேண்டும். பனை, அரை, ஆவிரை என்று மரங்களைப் பெயர் சொல்லித் தொல்காப்பியர் விதி வகுத்தார். பவணந்தி முனிவர் நன்னூலில் பனைக்கென்றே தனிச் சூத்திரம் செய்து பனைக்கொடி, பனங்காய், பனாட்டு ஆகியவற்றை விளக்க வழி வைத்தார். கேள்வி பிறக்கும் முன் படித்தால் சூத்திரம் சுமை. சண்டை போட்டுக் களைத்த வகுப்புக்கு அதுவே தீர்ப்பு. செம்பனையோ எந்தச் சூத்திரத்திலும் இல்லாத புது வரவு. அதற்கான விதியைப் பிள்ளைகளே தங்கள் சொற்களில் எழுதட்டும்.

1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், 'வக்' என்று இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் குழந்தைகளிடம் காட்டினார். இரண்டு இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேட்டறியாத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் சரியாகப் பன்மை சொன்னார்கள். விதி அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. நம் வகுப்பிலும் 'கின்னை' என்று இல்லாத மரம் ஒன்றை நடலாம். கின்னங்கன்றா, கின்னைக்கன்றா? விவாதம் மணி அடித்த பிறகும் தொடரும்.

கண்டறிந்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். பயிற்றியில் கோடிட்ட இடத்தை நிரப்புவது பயிற்சியின் மிக மெலிந்த வடிவம் என்பது என் முடிவு. 'முதலாளி வேலை கொடுத்தார்', 'பூசாரி வேலைக் கொடுத்தார்' என்ற இரண்டையும் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை எழுதச் சொல்லுங்கள். ஒரு க் இருந்தால் கோயில் வேல் கைமாறுகிறது. இல்லாவிட்டால் ஒருவனுக்குப் பிழைப்பு கிடைக்கிறது. வலி மிகுதலை வாழ்க்கையோடு இப்படிக் கட்டிய பிள்ளை ஒற்றைத் தவறவிடாது.

ஆசிரியர் சொன்னதை முழுதும் கொண்டாலும் கால் பங்கு அறிவே கிட்டும், உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைத்தால் மீதி அரை என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்குச் சொல்கிறது. எனவே படிவம் 3 மாணவன் படிவம் 1-க்கு இந்தப் பாடத்தை நடத்துவது நன்னூல் சொன்ன வழிதான்.

நேரமில்லை என்பார்கள். இடைநிலைப்பள்ளிகள் பலவற்றில் தமிழ் வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே ஒதுங்கி நிற்பது உண்மை. மறந்துபோகும் பத்து விதிகளுக்குச் செலவாகும் நேரத்தில், மறக்காத இரண்டைக் கண்டுபிடிக்க வைக்கலாம். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த பாடத்தில் விதியைக் கடைசியில் எழுதுங்கள். எழுதும் எழுதுகோலையும் ஒரு பிள்ளையிடமே கொடுங்கள்.