தோலும் பட்டமும்

கலைக்கல்வியில் சமவாய்ப்பு என்று பேசும்போது நம் எண்ணம் பெரும்பாலும் வகுப்பறையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. யார் உள்ளே வந்தனர், எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டன, கட்டணச் சலுகை உண்டா என்பனவே வினாக்களாகின்றன. அவை தேவையற்றவை அல்ல. அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறுவனவும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆயினும் மாடிப்படியும் அச்சு நூலும் அந்த இடங்களுக்கு உரியவர்களை இன்னும் வெளியே நிறுத்தக்கூடும். எனினும், உள்ளே எதனை அறிவென்று மதிக்கிறார்கள், யாருடைய அறிவு பாடமாகிறது என்னும் வினா இவற்றினும் ஆழமானது. டி. எம். கிருஷ்ணா எழுதி 2020-இல் வெளிவந்த ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலை அவ்வினாவோடு வாசித்தல் நலம். நூல் பின்னர் தமிழிலும் வந்துள்ளது.

மிருதங்கம் செய்வோரின் வரலாறே இந்நூல். வாசிப்போரின் வரலாறு நமக்கு நிறையவே தெரியும். பாலக்காடு மணி ஐயரின் பெயரை இசையறியாதவரும் கேட்டிருப்பர். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து என்பவரின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? தஞ்சையில் செபாஸ்டியன் என்பவரிலிருந்து கிளைத்த குடும்பத்தவர் அவர். இக்கைவினைஞர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். சனவரி மாதத்தில் புனித செபஸ்தியாரின் கொடியேற்றத்துக்குச் செல்லும் நமக்கு இந்நூலின் தலைப்பே வீட்டுப்பெயர் போல ஒலிக்க வேண்டும். ஆயினும் இவ்வரலாற்றை எழுத நம்மவர் எவரும் முன்வரவில்லை. கர்நாடக இசை மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்துதான் எழுத வேண்டியதாயிற்று என்பது சற்றே உறுத்துகிறது.

நூலின் வலிமை அதன் பொறுமையில் உள்ளது. பலாமரத்தைத் தேர்ந்து கடைவது, பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களைப் பார்த்து எடுப்பது, மூட்டுப் பின்னுவது, வார் இழுப்பது, கரிய கல்லின் தூளையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து வலந்தலையின் நடுவே படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவது என ஒவ்வொரு செயலையும் ஆசிரியர் அருகிருந்து பார்க்கிறார். அந்தக் கரிய வட்டத்தின் கனம் சற்றே பிசகினாலும் நாதம் கெடும். மரத்தின் ஈரத்தையும் தோலின் மெல்லிமையையும் சுருதியையும் ஒருசேர அறிந்த கையே அதனைச் செய்ய இயலும். வித்துவான் தம் காதுக்கு வேண்டியதைச் சொற்களால் சொல்கிறார்; கைவினைஞர் அச்சொற்களைத் தோலாக மாற்றுகிறார். இதனை ‘உழைப்பு’ என்று மட்டும் சொல்லி, ‘அறிவு’ என்று சொல்லத் தயங்கும் வழக்கத்தையே நூல் கேள்விக்குள்ளாக்குகிறது. புனிதமெனப் போற்றப்படும் பசுவின் தோல் இல்லாமல் புனிதமெனப் போற்றப்படும் இவ்விசை இல்லை என்ற உண்மையையும் அது மறைக்கவில்லை.

நூல் வெளியீடே ஒரு பாடமாக அமைந்தது. விழாவுக்கு அரங்கம் தர இசைந்திருந்த கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்தவுடன் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசு நிறுவனம் என்ற முறையில் சமூக ஒற்றுமையைக் குலைக்கும் நிகழ்ச்சிக்கு இடம் தர இயலாது என்பது அதன் விளக்கம். 2020 பிப்ரவரி 2 அன்று விழா சென்னையிலுள்ள இதழியல் கல்லூரி ஒன்றில் நடந்தது. கலாக்ஷேத்ரா 1993-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட கலைக்கல்விக் கூடம். மிருதங்கம் அங்கு நாள்தோறும் ஒலிக்கிறது. அதனைச் செய்தவரின் கதைக்கு மட்டும் இடம் இல்லை.

இசை பல்கலைக்கழகத்துக்குள் வந்ததை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. குருகுலத்தில் பிறப்பு கேட்கப்பட்டது; பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் கேட்கப்படுகிறது. அது பெரிய மாற்றமே. ஆனால் பட்டம் வாசிப்பவரை மட்டுமே அளந்தது. வாத்தியத்தின் அமைப்பு என்பது பெரும்பாலும் படம் வரைந்து பாகம் குறிக்கும் வினாவாகச் சுருங்கிவிட்டது. பாடம் நடத்தத் தகுதி என்ன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் இசைத்துறையில் மரபுவழிக் கலைஞர்களுக்குத் தனிவழி ஒன்றைத் திறக்கின்றன. ஆயினும் அவ்வழியில் வருபவருக்கும் இளநிலைப் பட்டம் வேண்டும். வானொலி அல்லது தொலைக்காட்சியின் உயர்தரக் கலைஞர் என்னும் தகுதியும் எதிர்பார்க்கப்படுகிறது. வானொலி வாசிப்பவருக்குத் தரம் தரும்; வார் இழுப்பவருக்குத் தராது. 2022-இல் அதே குழு ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்னும் பதவியை அறிமுகப்படுத்தியது. பட்டம் இன்றியமையாததன்று, 15 ஆண்டு அனுபவம் போதும், துறைகளில் நுண்கலையும் அடங்கும். அனுபவம் உயர்நிலைப் பொறுப்பில் இருப்பது விரும்பத்தக்கது என்ற குறிப்பும் உடன் உண்டு. தொழில் நிறுவன அதிகாரிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சொற்கள் அவை. தஞ்சையின் ஒரு சிறு பட்டறையில் உயர்நிலை எது, தாழ்நிலை எது?

கைவினைஞரின் பிள்ளை மாணவராக வர விரும்பினாலும் இன்னொரு கதவு குறுக்கே நிற்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் உரிமையைச் சமயத்தோடு பிணைத்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அக்கட்டு தளர்ந்தது. கிறிஸ்தவருக்கு இன்றளவும் தளரவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சமயத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது என 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தோலைத் தொட்டதனால் தீண்டத்தகாதவர் எனப்பட்ட குடும்பம், திருமுழுக்குப் பெற்றதனால் மட்டும் அத்தீண்டாமையிலிருந்து விடுபட்டுவிட்டது என்று சட்டம் கருதுகிறது. அவ்வாறு இல்லை என்பது நம் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்க்குத் தெரியும்.

நூலின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். கைவினைஞர்கள் இங்கே பேசுகிறார்கள். ஆனால் ஒரு வித்துவானின் வாயிலாகப் பேசுகிறார்கள், அதுவும் முதலில் ஆங்கிலத்தில். ஆசிரியர் தம் நிலையை மறைக்கவில்லை என்பது உண்மையே. இருப்பினும் வாசிப்பவரின் காது கேட்கும் வினாக்களே மிகுதி. செய்பவர் தாமே எழுதியிருந்தால் வேறு வினாக்கள் எழுந்திருக்கும்: கூலி எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது, தம் பிள்ளைக்கு ஏன் வாசிக்கக் கற்றுத்தரவில்லை, ஞாயிறு திருப்பலியில் தாம் எந்த வரிசையில் நின்றோம் என்பன போல.

அவ்வினாக்களில் கடைசியானது நம்மை நோக்கி வருவது. 1963-இல் வெளியான திருவழிபாடு பற்றிய வத்திக்கான் திருச்சங்க ஏடு, மக்களின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு தன் 119-ஆம் எண்ணில் கேட்டுக்கொண்டது. அதன் பயனாகக் கர்நாடக இசையும் பரதமும் நம் ஆலயங்களுக்குள் வந்தன. 1977-இல் அருட்பணியாளர் எஸ். எம். ஜார்ஜ் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து, எத்தனையோ எளிய குடும்பத்துப் பெண்களுக்குச் சலங்கை கட்டியது. மகிழ வேண்டிய செய்தி. ஆயினும் ‘மக்களின் மரபு’ எனத் திருச்சங்கம் சொன்னதை நாம் மேடையின் மரபு என்றே பெரிதும் பொருள்கொண்டோம். பறை திருப்பலியில் ஒலிக்கத் தொடங்கியபோது எழுந்த முணுமுணுப்பு இதற்குச் சான்று.

தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். திருச்சபையின் கையில் அத்தகைய கல்லூரிகள் பல உள்ளன. மிருதங்கம் செய்தலை ஒரு பருவத்துத் தாளாக வைக்கவும், அதனை நடத்த ஒரு கைவினைஞரை உரிய ஊதியத்தோடு அழைக்கவும், செய்முறைத் தேர்வில் அவருக்கும் மதிப்பெண் இடும் உரிமை தரவும் அவை எந்த ஆணையத்தின் அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நேர்முகத்தில் அவரிடம் சான்றிதழ் கேட்க வேண்டாம். தோல் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்தச் சுருதிக்கு ஆகும் என்று கேட்டால் போதும்.